விடை வந்தால் போதுமா?

2023-ஆம் வருஷத்தில் சனி பகவான் இரண்டு தடவை கும்ப ராசிக்குப் பெயர்ந்தார்! திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி ஜனவரி 17-ஆம் தேதி. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி டிசம்பர் 20-ஆம் தேதி. திருநள்ளாற்றில் விழா நடந்தது பின்னதன்படிதான். வானத்தில் இருப்பது ஒரே சனி. பதினொரு மாத வித்தியாசம் கணக்கில் இருக்கிறது.

கணக்கு முறையைப் புதுப்பிப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தினந்தோறும் சந்திரன் நிற்குமிடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் உண்டு. எழுத்துக்களை எண்களாகப் படிக்க வேண்டும். வரருசி செய்தவை என்பது மரபு. அவற்றின் நுட்பம் கலையோடு நின்றது. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் தோன்றிய சங்கமக்கிராமத்து மாதவர், கலையில் அறுபதில் ஒரு பங்கான விகலை வரை அதைக் கொண்டு போனார். வாக்கியங்கள் புதியவை, எண்ணிக்கை அதே 248. பழகிய கைக்குச் சிரமம் வைக்காத மாறுதல்!

ஆனால் எல்லாரும் மாறிவிடவில்லை. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஜான் வாரன் என்ற துரைக்காகச் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட எண்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிஷந்தான். முடிவிலோ 52 நிமிஷம். மகா சாமர்த்தியந்தான். ஆனாலும், 'இங்கே தவறுகிறேன்' என்று சோழி சொல்லாது.

கம்ப்யூட்டரும் சொல்லாது. காட்டாங்குளத்தூரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். பைத்தான் என்ற கணினி மொழியைத் தெரிந்து வைத்திருப்பார்கள். அதன் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி முதல் தேதியோடு நின்றது. விஞ்ஞானிகள் தங்கள் பழைய கணக்குகளையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. அச்சிடும் கட்டளையைப் பழைய முறையில் எழுதினால் புதிய பதிப்பு உடனே முரண்டு பிடிக்கும். அது நல்லது; திருத்திக்கொள்ளலாம். வகுத்தல்தான் ஆபத்து. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையது 3 என்னும், புதியது 3.5 என்னும். முழு எண்ணை நம்பி எழுதிய கணக்கு, சத்தமில்லாமல் வேறு விடை தந்துவிடலாம்.

இதற்குப் பரிகாரம் பழையதைக் கட்டி அழுவதுமல்ல, புதியதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுமல்ல. நடந்து முடிந்த கிரகணம் ஒன்றை இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். விடைகள் வேறுபட்டால், அன்று வானத்தில் கண்டது எது என்று கேட்க வேண்டும்.