தேநீருக்குச் சரி, மக்ரூனுக்குச் சரிவராது: சீனிக்கு மாற்றை எங்கே பயன்படுத்தலாம்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே வந்தால் முத்தையாபுரம். அதே சாலையில் மேலும் தெற்கே போனால் காயல்பட்டினம், அதற்கும் அப்பால் உடன்குடி. ஒரு பக்கம் மக்ரூன், மறுபக்கம் கருப்பட்டி. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சீனியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிவிட்டால், நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இரண்டு: மருந்துக்கடையிலிருந்து இனிப்பு மாத்திரை டப்பா வரும், சீனி இருந்த இடத்துக்குக் கருப்பட்டி வரும்.

முதலில் கருப்பட்டியைப் பேசிவிடுவோம். அதில் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு, மணமும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கலோரியும் ஏறக்குறைய அதே அளவு. நாட்டுச்சர்க்கரை, வெல்லம் இரண்டுக்கும் இது பொருந்தும். "கருப்பட்டிக் காப்பிதானே" என்று இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பவருக்கு இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

உண்மையான மாற்றுகள் இரண்டு வகை. சுக்ரலோஸ், அஸ்பார்டேம், சாக்கரின், ஸ்டீவியா ஆகியவை மிகச் சிறிய அளவிலேயே இனிப்பவை. சுக்ரலோஸ் சீனியைப் போல சுமார் 600 மடங்கு இனிப்பு, அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கு. இரண்டாவது வகை எரித்ரிட்டால், சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை. இவற்றைச் 'சுகர் ஆல்கஹால்' என்பார்கள். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்; வேதியியல் அமைப்பால் வந்த பெயர் அது. மதுவில் உள்ள எத்தனால் இவற்றில் இல்லை, போதையும் இல்லை.

தேநீரில் மாற்றுவதுதான் எளிது. ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம், 16 கலோரி. ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் நாளுக்கு நாலு டம்ளர் குடித்தால் 32 கிராம். சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் 12 வாரம் தேநீர், காப்பிச் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வெளியானது. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, கெடுதலாகத் தெரியவில்லை. ஆனால் மருந்தும் அல்ல.

அடுப்புக்குப் போனால் கதை வேறு. தூத்துக்குடி மக்ரூனில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி. வெள்ளைக்கருவை அடித்து எழுப்பும் நுரையில் உள்ள தண்ணீரைப் பிடித்துவைத்து, நுரை உடையாமல் காப்பது சீனிதான். மெல்லிய சூட்டில் உலர்ந்து மொறுமொறுப்பான கூடாக நிற்பதும் அதுவே. அங்கே சீனி வெறும் ருசி அல்ல, உடம்பே அதுதான். ஒரு கப் சீனியை எடுத்துவிட்டு ஒரு சிட்டிகை சுக்ரலோஸ் போட்டால் இனிப்பு வரும், மக்ரூன் வராது.

கேக்கிலும் ஓரளவு இதே நிலைதான்: ஈரப்பதம், மென்மை, மேலே வரும் பொன்னிறம் எல்லாம் சீனி செய்கிற வேலை. அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. கேக் அடுப்பு அதைவிடச் சூடானது. ஸ்டீவியா சூட்டைத் தாங்கும், நாக்கில் கசப்பு நிற்கும். எரித்ரிட்டாலுக்குப் பருமன் உண்டு, ஆனால் நிறம் பிடிக்காது, ஆறினால் மணல்போல் நெறுநெறுக்கும். எங்கள் யோசனை: மாற்றைத் தேடுவதைவிட, குறிப்பில் உள்ள சீனியில் கால் பங்கைக் குறையுங்கள், பெரும்பாலும் பதம் கெடாது. மக்ரூனைப் பொறுத்தவரை, உண்மையானதில் ஒன்றைத் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்வதே மேல்.

கடையில் 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் பிஸ்கட்டில் மைதாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கும். மால்டிட்டால் சேர்த்திருந்தால் அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும்.

டப்பாவை எப்படிப் படிப்பது?

எண்களைப் பாருங்கள்: 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால். ஹலால் பற்றிய ஐயம் பெரும்பாலும் இனிப்புப் பொருளில் அல்ல, மாத்திரையில் கூடச் சேரும் மக்னீசியம் ஸ்டியரேட்டில்தான். அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பச்சைப் புள்ளி அல்லது ஹலால் முத்திரை உள்ளதை வாங்கினால் போதும். குழந்தைகளின் பாலில் இவற்றைக் கலக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடை குறைப்பதற்காக இந்த இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சுகர் ஆல்கஹால்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டாலைப் பற்றித் தனியே, இரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக அதே ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நோன்பு நாளில் மறக்கக் கூடாதது

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நோன்பு வைத்து, அஸருக்குப் பிறகு கை நடுங்கி, வியர்த்து, தடுமாறினால் உடனே விரலில் குத்திச் சோதியுங்கள். அதனால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து. அளவு 70-க்குக் கீழே என்றால் மஃக்ரிபுக்காகக் காத்திருக்காமல் நோன்பை விட வேண்டும். நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்ற சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களிலேயே இருக்கிறது.

அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் இனிப்பு மாத்திரை போட்ட தேநீரைக் கொடுத்துவிடாதீர்கள். அது இனிக்கும், இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. மூன்று நான்கு டீஸ்பூன் உண்மையான சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது மூன்று சிறிய பேரீச்சம்பழம். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வீட்டில் எல்லாருமே மாற்றுக்கு மாறியிருந்தாலும், இதற்காக ஒரு சின்ன டப்பாவில் சீனி இருக்கட்டும்.