ஆடுகளத்து ஆசான்: ரி. கே. இராமநாதனும் அவர் மரபும்

நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினை எடுத்துக்கொண்டார். இவற்றுள் நிலத்தின் இயல்பு ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. விளைந்த நெல்லுக்கு விலையுண்டு. அதனை விளைவித்த மண்ணைச் சந்தையில் எவரும் நினைப்பதில்லை. ஆசிரியர் வாழ்வும் அத்தகையதே. விளையாட்டுத் துறையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலனாகும். வெற்றிக் கிண்ணங்களிற் பொறிக்கப்படுவன ஆடினோர் பெயர்களே. ஆடக் கற்பித்தோர் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை. எனவே, ஓர் ஆட்ட ஆசிரியரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவருடைய மாணாக்கர் வரலாற்றினூடாகவே அவரைத் தேடிச் செல்ல வேண்டியவராகின்றனர். தமிழரிடையே தோன்றிய ரெனிஸ் ஆசிரியருள் முதலிடம் பெறத்தக்கவராகிய ரி. கே. இராமநாதன் வரலாறும் இவ்வாறே ஆராயத்தக்கது.

ரெனிஸ் ஆட்டம் இன்றைய வடிவிற் பழமையானதன்று. 1874ஆம் ஆண்டிலே வோல்ரர் விங்பீல்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி புற்றரையில் ஆடுதற்குரிய ஓர் ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடைபெற்றது. அதன்பின் ஆங்கிலேயர் ஆட்சி பரவிய நாடெங்கும் அவ்வாட்டமும் பரவிற்று. துறைமுக நகரங்களிலும், படைத் தளங்களிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் உத்தியோகத்தர் தமக்கெனக் கழகங்களை அமைத்து ஆடினர். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலைக்கு இத்தகைய கழக வாழ்வு புதிதன்று. கிறிக்கெற்றும் உதைபந்தும் பாடசாலை மைதானங்கள் வாயிலாகப் பொதுமக்களிடம் விரைந்து வந்து சேர்ந்தன. ரெனிசோ வேலியிட்ட களத்தையும், விலைகொடுத்து வாங்கும் மட்டையையும் பந்தையும் வேண்டி நின்றமையால் நெடுங்காலம் கழகத்தின் மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அக்கழகங்களில் ஆட்டங் கற்பித்தோர் யாவர்? உறுப்பினரோடு பந்தடித்துப் பழக்குவதற்கெனக் கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூரவர் 'மார்க்கர்' எனப்பட்டனர். அவருட் பலர் உறுப்பினரை எளிதில் வெல்லும் திறமையுடையவராயிருந்தும் பெரும் போட்டிகளில் இறங்கும் உரிமை அவர்க்கில்லை. கற்பித்தற்குப் பணம் பெறுவோர் தொழில்முறை ஆட்டக்காரராகக் கருதப்பட்டனர். விம்பிள்டன் முதலான போட்டிகளோ பணம் பெறாத ஆட்டக்காரர்க்கே உரியனவாயிருந்தன. 1968இலேதான் இந்தத் தடை நீங்கிற்று. ஆகவே, அதற்கு முற்பட்ட காலத்தில் ஒருவர் ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டால் போட்டியை இழப்பார். போட்டியை விரும்பினால் பிழைப்பை வேறிடத்தே தேடவேண்டும். கற்பிக்குந் தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பு இத்தகையது. இந்நிலையிற் கூலி கருதாது, தன் மகனுக்குத் தானே ஆசிரியனாகிய ஒரு தந்தையின் முயற்சி தமிழரின் ரெனிஸ் வரலாற்றைத் தொடக்கி வைத்தது.

இராமநாதன் நாகபுரியைச் சார்ந்திருந்து ஆடி அனுபவம் முதிர்ந்த ஆட்டக்காரர். அவருடைய மகன் கிருஷ்ணன் 1937ஆம் ஆண்டு ஏப்பிரில் 11ஆந் திகதி நாகர்கோவிலிற் பிறந்தார். மகனின் கையில் மட்டையைக் கொடுத்தவரும், அதனைப் பிடிக்கும் வகையைத் திருத்தியவரும் தந்தையே. அயல்நாட்டுப் பயிற்சியாளர் எவருடைய துணையுமின்றி இப்பயிற்சி நிகழ்ந்தது. விரைவிலேயே அச்சிறுவர் இந்தியாவின் இளைஞர் போட்டிகளில் முதன்மை பெற்றார்.

1951ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று கல்லூரி மாணாக்கர் அறிந்து மகிழத்தக்கது. சென்னை இலயோலாக் கல்லூரியில் நடைபெறும் பேட்றம் கிண்ணப் போட்டி அக்காலத்திற் கல்லூரி மாணவர்க்கு மாத்திரமே உரியதாயிருந்தது. பாடசாலை மாணாக்கராயிருந்த கிருஷ்ணன், கல்லூரி அதிபரின் சிறப்பு அனுமதியுடன் அதிலே கலந்துகொண்டு, தம்மினும் மூத்தோர் அனைவரையும் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றினார். 1953இல் விம்பிள்டன் இளைஞர் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று ஆங்கிலேயரான பில்லி நைற்றிடம் தோல்வியுற்றார். மறு ஆண்டு, 1954இல், அவுஸ்திரேலியரான அஷ்லி கூப்பரை இறுதியாட்டத்தில் வென்று அப்பட்டத்தைப் பெற்றார். ஆசிய நாட்டவர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. தோல்வியுற்ற கூப்பர் 1958இல் விம்பிள்டனின் ஆடவர் பட்டத்தையே வென்றார் என்பதை நோக்கும்போது இவ்வெற்றியின் பெறுமதி புலப்படும்.

இராமநாதன் கற்பித்த பாடம் யாது? மாணாக்கரின் ஆட்டமே அதற்குச் சான்று. கிருஷ்ணனின் ஆட்டத்திற் காணப்பட்ட தனிப் பண்புகள், பிற்காலத்தில் இராமநாதனிடமே தொடக்கப் பாடங் கேட்ட பேரன் இரமேஷின் ஆட்டத்திலும் அவ்வாறே காணப்பட்டன. தலைமுறை இரண்டிலும் ஒருங்கே நிலைத்த பண்புகளை ஆசிரியரின் பாடமென்று கொள்ளுதல் தகும். மட்டையைப் பின்னே நெடுந்தூரம் வீசாமை அவற்றுள் ஒன்று. பந்து நிலத்திற் பட்டெழும் வேளையிலேயே அதனைச் சந்தித்தல் மற்றொன்று. எதிரி அனுப்பிய வேகத்தையே தமக்கு வலுவாக்கி, அவன் இல்லாத இடம் நோக்கிப் பந்தை மெல்லெனத் திருப்பிவிடுதல் மூன்றாவது. தோள்வலியினும் கண்ணின் கூர்மையையும் கையின் மென்மையையும் பெரிதாக மதித்த ஆட்டம் இது. இதற்கு வேண்டுவது இடையறாப் பழக்கம். ஒரே அடியை ஆயிரம் முறை அடித்தாலன்றிக் கணக்குத் தவறாத கை அமையாது. வீட்டிலே ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கு வாழ்ந்தமையால் அத்தகைய பழக்கத்துக்குக் காலமும் பொறுமையும் குறைவின்றிக் கிடைத்தன.

இப்பாடத்தின் சிறப்பும் குறையும் விம்பிள்டனிலே சோதிக்கப்பட்டன. 1960இல் கிருஷ்ணன் அரையிறுதிக்குத் தெரிவானார். 1961இல் காலிறுதியில் றோய் எமேர்சனை ஓர் ஆட்டத்தொகுதியேனும் இழக்காமல் வென்று மீண்டும் அரையிறுதியை அடைந்தார். 1962இல் அவர்க்கு நான்காந் தரநிலை வழங்கப்பட்டது. எனினும், 1960இல் நீல் பிறேசரிடமும் 1961இல் றொட் லேவரிடமும் அவர் தோற்றார். இருவரும் இடக்கையர், இருவரும் அவ்வவ் ஆண்டின் பட்டத்தை வென்றோர். வலிய தொடக்க அடியை அடித்துவிட்டு வலையை நோக்கிப் பாயும் அவ்வாட்டத்துக்கு எதிரே கிருஷ்ணனின் மென்மையான தொடக்க அடி போதியதாக அமையவில்லை. தந்தையிடம் பெற்ற ஆட்டத்தில் நுட்பம் நிறைந்திருந்தது, வன்மை குறைந்திருந்தது. இக்குறையை மறைத்து எழுதுதல் வரலாறாகாது.

பிறேசரையும் லேவரையும் எமேர்சனையும் டேவிஸ் கிண்ண அணியில் வழிநடத்தியவர் ஹரி ஹொப்மன். அவரும் ஈண்டு அறியப்பட வேண்டியவர். 1906இல் சிட்னி நகரில், பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹொப்மன், அவுஸ்திரேலிய ஒற்றையர் போட்டியின் இறுதியாட்டத்தில் 1930 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தோற்றவர். பத்திரிகைத் தொழிலாற் பிழைப்பு நடத்திக்கொண்டு அணித் தலைமையை ஏற்றார். 1939இலும், பின்னர் 1950 முதல் 1967 வரையுமாக அவர் தலைமையில் அவுஸ்திரேலியா பதினாறு முறை டேவிஸ் கிண்ணத்தை வென்றது. ஓட்டமும் உடற்பயிற்சியும் அவருடைய பாடத்தின் முதற்பகுதி. ஒருவனை ஒருபுறத்தே நிறுத்தி, மறுபுறத்தே இருவரைக் கொண்டு இடையறாது பந்தனுப்பிக் களைப்பறியாதவனாக்குதல் அடுத்த பகுதி. ஒழுக்கந் தவறிய வீரர்க்கு அவர் தண்டப்பணமும் விதித்தார். இராமநாதனின் பாடம் வீட்டுத் திண்ணையின் பாடம் போன்றது. ஹொப்மனின் பாடமோ பாசறையின் பாடம் போன்றது.

இவ்விரு மரபுகளும் 1966இல் மெல்போண் நகரிலே நேருக்கு நேர் சந்தித்தன. அதற்கு முன் கல்கத்தாவில் நடைபெற்ற வலயங்களுக்கிடையிலான இறுதிப் போட்டியில் இந்தியாவும் பிறேசிலும் சமநிலையில் நிற்க, முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் கிருஷ்ணன் தோமஸ் கொக்கை எதிர்த்தாடினார். மூன்று தொகுதிகளில் இரண்டை இழந்து, நான்காவதிலும் இரண்டுக்கு ஐந்து எனப் பின்தங்கிய நிலையிலிருந்து அவர் மீண்டு வென்றார். நிதானம் என்னும் பாடம் அங்கே பயன் தந்தது. அதனால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிச் சுற்றை அடைந்தது. திசெம்பர் மாத இறுதியில் மெல்போணில் நடந்த அச்சுற்றில் ஹொப்மனின் அணி நான்குக்கு ஒன்று என வென்றது. இந்தியா பெற்ற அந்த ஒரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெயதீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் நியூகொம், றோச் இணையை வீழ்த்தியதாகும்.

அடுத்த தலைமுறையில் இம்மரபு புதியதொரு வடிவம் பெற்றது. கிருஷ்ணனின் மகன் இரமேஷ் 1961இற் சென்னையிற் பிறந்தார். பாட்டனாரிடமும் தந்தையாரிடமும் ஆட்டம் பயின்ற அவர், 1979இல் பிரெஞ்சு இளைஞர் பட்டத்தையும் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். தந்தை பெற்ற விம்பிள்டன் பட்டத்தைச் சரியாக இருபத்தைந்து ஆண்டுகளின் பின் மகனும் பெற்றார். இருவர்க்கும் ஆசானாக நின்றவர் இராமநாதன் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருவது. அதன்பின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அமெரிக்காவிற் குடியேறிப் புளோரிடாவிலே பயிற்சிக்கூடம் நடத்திய ஹொப்மனிடம் இரமேஷ் பயிலச் சென்றார். தந்தையை வென்றோரைப் பயிற்றியவரிடமே மகனை அனுப்ப அக்குடும்பத்தார் தயங்கவில்லை. தம் பாடத்தின் எல்லையை அறிந்து, எஞ்சியதைப் பிறரிடங் கற்க வழிவிடுதல் நல்லாசிரிய மரபின் உயர்ந்த இலக்கணமன்றோ!

அப்பயிற்சியின் பின்னரும் இரமேஷின் ஆட்டம் அடிப்படையில் மாறவில்லை. தொடக்க அடி மென்மையாகவே இருந்தது. ஆயினும், 1981இலும் 1987இலும் அமெரிக்கப் போட்டியிலும், 1986இல் விம்பிள்டனிலும் காலிறுதிவரை முன்னேறினார். 1987இல் சிட்னியின் புற்றரையில் அவுஸ்திரேலியாவை இந்தியா வென்றபோது, முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில் வொலி மாசூரை வீழ்த்தியவர் அவரே. இறுதிச் சுற்றில் இந்தியா சுவீடனிடம் தோற்றதெனினும், தந்தை சென்ற இடத்துக்கு மகனும் சென்றமை குறிப்பிடத்தக்கது. 1989 அவுஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராயிருந்த மற்ஸ் விலாந்தரை அவர் வென்றார். வன்மை ஓங்கிய காலத்திலும் நுட்பத்துக்கு இடமுண்டு என்பதை அவ்வெற்றி உணர்த்திற்று.

இவ்வரலாற்றினின்று எழும் வினா ஒன்றுண்டு. இத்துணை வளமான பாடம் ஏன் ஒரு குடும்பத்தின் எல்லைக்குள் நெடுங்காலம் நின்றது? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரைத் தாழ்த்திய பழைய விதி ஒரு காரணம். களமும் கருவியும் செல்வர் வசமே இருந்தமை மற்றொன்று. கழகத்து மார்க்கர்களுள் எத்தனை இராமநாதர்கள் பெயரின்றி மறைந்தனரோ! தந்தையே ஆசிரியராக வாய்க்கப்பெறாத சிறுவனுக்கு அன்று வேறு வழியில்லை. 1985இல் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தார் பிறிற்றானியா நிறுவனத்தின் துணையுடன் பயிற்சிக்கூடம் அமைத்தபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. அங்குப் பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தையும் 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார். பின்னர் கிருஷ்ணன் குடும்பத்தாரும் சென்னையில் தம் பெயரால் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினர். இராமநாதன் ஒரு மகனுக்குஞ் சொல்லி, ஒரு பேரனுக்குஞ் சொன்ன பாடம் அயலார் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

கலையொன்று குடும்பத்திலே பிறந்து வளர்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. நாதசுரமும் நாட்டியமும் சிற்பமும் அவ்வாறே காக்கப்பட்டன. அவை பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புகுந்த பின்னரே பலர்க்கும் உரியனவாயின. ஆங்கிலேயர் கழகத்து மதிலுக்குள் நின்ற ஆட்டமும் அதே பாதையிலேயே நம்மவரிடம் வந்து சேர்ந்துள்ளது. பாடசாலைகளில் மாலைதோறும் மைதானத்தில் நின்று, கிண்ணத்திற் பெயர் பொறிக்கப்படாது என்பதை அறிந்தும், ஒரு சிறுவனின் கைப்பிடியைத் திருத்தும் ஆசிரியர் எவரும் இராமநாதனின் மரபினரே. அவர் உழைப்பின் பயனை அறிய இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். காத்திருத்தலும் அத்தொழிலின் ஒரு பகுதியே.