பைத்தியப் படிப்பா?

புதுச்சேரியில் பஸ் ஏறி முத்தியால்பேட்டையைத் தாண்டினால், கண்டக்டர் விசில் ஊதி முடிப்பதற்குள் மாநிலமே மாறிவிடும்! அதுதான் கோட்டக்குப்பம். தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் போனால் காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது. 1985-ல் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் அந்தக் காலாப்பட்டில்தான், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கோட்டக்குப்பத்து டீக்கடை பெஞ்சில் ஒருநாள் பெரியவர் ஒருவர் புலம்பினார். ‘‘பி.ஏ. முடிச்ச பொண்ணு சார்... காலாப்பட்டுல சைக்காலஜி படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. பைத்தியக்காரங்களைப் பார்க்குற படிப்பாமே? நாளைக்கு யாரு சார் பொண்ணு கேட்டு வருவாங்க?’’

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

1879... ஜெர்மனியின் லைப்சிக் நகரம். அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் ஒரு சோதனைக்கூடம் திறந்தார். ஒரு சத்தம் கேட்டதும் மனிதன் கையை அசைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். ‘மனசை அளக்க முடியுமா?’ என்று கேட்ட உலகத்துக்கு, ‘முயற்சி செய்து பார்ப்போமே’ என்பதுதான் அவருடைய பதில்!

இந்தியாவில் அதுவரை உளவியல், தத்துவத் துறையின் திண்ணையில் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதற்குத் தனித் துறை கொடுத்தது. பொறுப்பேற்றவர், ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என்.சென்குப்தா.

அடுத்து, நமக்குப் பக்கத்தில் இருக்கும் மைசூர். அரண்மனையும் பூங்காவுமாக அமைதியான ஊர். 1924-ல் அங்கே உளவியல் துறை வந்தது. அதை நடத்திய எம்.வி.கோபாலசுவாமி, அறிவுத்திறனை அளப்பதில் புகழ்பெற்ற ஸ்பியர்மேனிடம் லண்டனில் பயின்றவர். மனுஷர் சும்மா இருக்கவில்லை. 1935-ல் தன் வீட்டிலேயே 30 வாட் கருவியை வைத்து ஒரு வானொலியைத் தொடங்கிவிட்டார். அதன் பெயர், ஆகாசவாணி! அந்தப் பெயரைத்தான் பிற்பாடு அகில இந்திய வானொலியும் சூட்டிக்கொண்டது.

1943-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தனித் துறை உருவானது. தலைமை, ஜி.டி.போவாஸ்.

கவனித்தீர்களா? குழந்தை எப்படிக் கற்கிறது, வேலைக்கு யார் பொருத்தம், ஞாபகம் ஏன் தவறுகிறது... எல்லாமே நம்மைப் பற்றிய ஆராய்ச்சிதான். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும். உளவியல் படித்தவரின் முதல் கருவி, காது!

சரி, மனம் பிசகியவர்களைப் பார்க்கும் படிப்பாகவே இருக்கட்டும். அதில் என்ன கேவலம்? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் கருகினார்கள். 28 உயிர்கள்! வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோமே... அந்தச் சங்கிலியில் நம் வெட்கமும் ஒரு கண்ணி. சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்யும் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017-ல்தான். சட்டம் வந்தால் மட்டும் போதுமா? பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆட்கள் வேண்டாமா?

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

‘‘தினம் பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாம்ல சார்?’’

‘‘தாராளமா. ஒரே ஒரு எல்லையைத்தான் தாண்டணும்!’’