கருமுட்டை முதிர்வின் சிக்கல்: மெல்பர்ன், சிட்னி ஆய்வுகள் கூறுவது என்ன?

பெண்ணின் கருமுட்டை கருத்தரிக்கத் தகுதி பெறுவதற்கு முன்பு, தன்னிடமுள்ள 23 ஜோடி குரோமோசோம்களில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை வெளியேற்ற வேண்டும். இந்தப் பங்கீட்டை நடத்துவது, நூல் நூற்கும் கதிரைப் போன்ற வடிவமுடைய 'கதிர்க்கோல்' என்ற நுண்ணிய அமைப்பாகும். பங்கீடு பிழைத்தால் கருச்சிதைவு, டவுன் நோய்க்குறி போன்ற விளைவுகள் ஏற்படலாம்.

முட்டைகளை உடலுக்கு வெளியே முதிரச் செய்ய மெல்பர்னிலும் சிட்னியிலும் நடந்துவரும் முயற்சிகளின் வெற்றியும் இந்த அமைப்பு சரிவர உருவாவதைப் பொறுத்தே உள்ளது.

மையம் இல்லாத கட்டுமானம்

உடலின் பிற செல்களில் சென்ட்ரோசோம் எனப்படும் இரு மையங்கள் கதிர்க்கோலின் இரு முனைகளை அமைக்கின்றன. பாலூட்டிகளின் கருமுட்டைகளில் இவை வளர்ச்சியின்போதே மறைந்துவிடுகின்றன.

சுண்டெலியின் முட்டையில் 80க்கும் மேற்பட்ட சிறு மையங்கள் ஒன்றுகூடி அந்தப் பணியைச் செய்வதாக 2007இல் கண்டறியப்பட்டது. மனித முட்டையில் குரோமோசோம்களே தம்மைச் சுற்றி நுண்குழல்களை உருவாக்கத் தூண்டுகின்றன. இதற்குச் சுமார் 16 மணி நேரம் ஆவதாகவும், இடையில் கதிர்க்கோல் அடிக்கடி நிலைகுலைவதாகவும் மெலினா ஷூ தலைமையிலான குழு 2015இல் தெரிவித்தது.

கதிர்க்கோலை நிலைப்படுத்தும் கே.ஐ.எஃப்.சி.1 என்ற புரதம் மனித முட்டையில் குறைவாக இருப்பதே இதற்கு ஒரு காரணம் என்று அதே குழு 2022இல் கூறியது. வயது ஏறும்போது, குரோமோசோம்களைப் பிணைத்து வைக்கும் புரதங்களும் குறைந்துவிடுகின்றன.

மெல்பர்னின் பங்கு

ஆஸ்திரேலியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1980இல் மெல்பர்னில் பிறந்தது. வழக்கமான சோதனைக் குழாய் முறையில், ஹார்மோன் ஊசிகள் மூலம் முட்டைகள் உடலுக்குள்ளேயே முதிர்விக்கப்படுகின்றன. சினைப்பை நீர்க்கட்டிப் பாதிப்புள்ள பெண்களுக்கு அந்த ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்க, அத்தகைய பெண்களின் முதிராத முட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் முதிர்வித்த முயற்சியை மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆலன் ட்ரௌன்சன் குழுவினர் 1994இல் வெளியிட்டனர்.

கதிர்க்கோலைச் சுற்றி, செல்லுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியாக்கள் திரள்வதையும், பிரிவின்போது அவற்றில் பெரும்பங்கு முட்டையிலேயே தங்குவதையும் ஜான் கரோலும் கரோலின் டால்டனும் 2013இல் சுண்டெலி முட்டைகளில் விவரித்தனர்.

சிட்னியின் அணுகுமுறை

சினைப்பையிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட முட்டை, தன்னைத் தடுத்து வைத்திருந்த சமிக்ஞைகளை இழந்து, உடனே பிரிவைத் தொடங்கிவிடுகிறது. செல்லின் மற்ற பகுதிகள் அதற்குள் தயாராகியிருப்பதில்லை.

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கில்கிறிஸ்ட், பெல்ஜிய, வியட்நாமிய ஆய்வாளர்களுடன் இணைந்து உருவாக்கிய முறையில், இயற்கையான ஒரு புரதத் துணுக்கின் உதவியால் முட்டை சுமார் ஒரு நாள் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதன் பிறகே அது முதிர அனுமதிக்கப்படுகிறது.

வியட்நாமில் 546 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான சோதனையில், முதல் கரு மாற்றத்திற்குப் பின் குழந்தை பெற்றவர்கள் இம்முறையில் சுமார் 35 சதவீதம். வழக்கமான முறையில் சுமார் 43 சதவீதம். புதிய முறையில் சினைப்பை மிகைத்தூண்டல் எவருக்கும் ஏற்படவில்லை.

பாதுகாப்பில் கிடைத்த ஆதாயம் வெற்றி விகிதத்திலும் கிடைக்க வேண்டுமானால், கதிர்க்கோல் நிலையாக உருவாகும் சூழலை ஆய்வகம் அளிக்க வேண்டும். குறைவாக உள்ள புரதத்தைச் சேர்த்தபோது மனித முட்டைகளில் பிழை குறைந்தது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் அது ஆய்வக அளவிலான முடிவேயன்றி, சிகிச்சை அல்ல.