லினக்ஸ் வன்தட்டிற் பாகப் பிரிவினையும் மீட்பும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தை நிலைபெறச் செய்யக் கற்ற நாள் தொட்டே அதனை இழக்கும் துயரும் மனிதனைத் தொடர்ந்து வந்துள்ளது. கல்லிற் பொறித்தது சிதைந்தது. ஓலையில் எழுதியது செல்லரித்தது. தாளில் அச்சிட்டது தீக்கு இரையாயிற்று. இந்நாளிற் கணினியின் வன்தட்டிற் பதியப்படுவனவும் இவ்விதிக்கு விலக்கானவையல்ல. எனினும் ஓலையின் அழிவிற்கும் தட்டின் அழிவிற்கும் இடையே ஒரு பெரு வேறுபாடு உண்டு. செல்லரித்த ஓலையில் எழுத்தே மறைந்து போகின்றது. தட்டிலோ பெரும்பாலான வேளைகளில் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்க, அஃது எங்கே உள்ளது எனக் காட்டும் குறிப்பு மாத்திரம் அழிகின்றது. உறுதி தொலைந்தமையாற் காணி தொலைந்துவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். பழைய எல்லைக் கற்களையும் பதிவகத்திலுள்ள பிரதியையுங் கொண்டு காணியின் எல்லையை மீள நிறுவுதல் கூடும். வன்தட்டிலும் இவ்வாறே மீட்பு நிகழ்கின்றது. ஆனால் எல்லைக் கல்லை முன்னரே நாட்டியிருத்தல் வேண்டும். பிரதியை முன்னரே வைத்திருத்தல் வேண்டும். அவற்றை யார், எக்காலத்தில், எதன் பொருட்டு அமைத்தனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டும் அதன் எல்லைகளும்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட றாமாக் என்னும் கணினியே வன்தட்டினைக் கொண்டு விற்பனைக்கு வந்த முதற் கணினி ஆகும். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சிற் சுழல, அவையனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டன. அத்துணைச் சிறிய களஞ்சியத்தைப் பாகம் பிரிக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. தட்டின் கொள்ளளவு பெருகப் பெருகவே, ஒரே தட்டினுள் வெவ்வேறு பணிசெயல் முறைமைகளையும் வெவ்வேறு தேவைகளையும் தனித்தனி வேலியிட்டு வைக்கும் வழக்கம் பரவலாயிற்று.

தனியாள் கணினிகளைப் பொறுத்தவரை இவ்வழக்கம் 1983ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிலைபெற்றது. அப்போது வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.ரி. கணினி 10 மெகாபைற்று வன்தட்டினை உடையது. அதனோடு வந்த டொஸ் 2.0 முறைமை தட்டின் முதலாவது துண்டத்திலே பாக அட்டவணையை எழுதியது. அத்துண்டத்தின் அளவு 512 பைற்றுக்கள். அவற்றுள் முதல் 446 பைற்றுக்கள் கணினியைத் தொடக்கிவைக்கும் கட்டளைகளுக்கு உரியன. அடுத்த 64 பைற்றுக்களில் நான்கு பாகங்களின் எல்லைகள், பாகமொன்றுக்கு 16 பைற்றாக எழுதப்படும். இறுதி இரண்டு பைற்றுக்கள் முத்திரை போல்வன. ஆகவே ஒரு முழுத் தட்டின் பங்கீட்டினையும் காட்டும் உறுதி 64 பைற்றுக்களுள் அடங்கியது. அதற்குப் பிரதியும் இல்லை. ஒரு பிழையான செய்நிரல் அவ்வொரு துண்டத்தின் மேல் எழுதிவிடின், தட்டு முழுவதும் வெறுமையானது போலத் தோற்றமளிக்கும்.

இக்குறையினைப் போக்கும் ஜி.பி.ரி. என்னும் புதிய அட்டவணை, இன்ரெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் வகுக்கத் தொடங்கிய ஈ.எவ்.ஐ. விதிமுறையின் ஒரு கூறாகத் தோன்றியது. அது தட்டின் தொடக்கத்தில் ஒரு பிரதியையும் இறுதியில் மற்றொரு பிரதியையும் வைக்கின்றது. எழுதியது திரிபடைந்ததா என அறியும் சரிபார்ப்புத் தொகையினையும் உடன் வைக்கின்றது. பழைய அட்டவணை ஏறத்தாழ 2.2 டெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டுகளை அளக்க இயலாதது ஆதலின், பெருந்தட்டுகள் வந்தபோது புதியது அதன் இடத்தைப் பிடித்தது.

யுனிக்ஸ் வகுத்த வழி

எல்லைக்குள்ளே கோப்புக்களை ஒழுங்குபெற வைக்கும் முறைமையின் வரலாறு வேறு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டென்னிஸ் றிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையே இதற்கு ஊற்றாகும். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் எனப்படும் ஒரு குறிப்பு உண்டு. கோப்பின் அளவு, உரியவர், அது தட்டின் எவ்வெப் புளொக்குகளில் உள்ளது என்பன அக்குறிப்பில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இராது. பெயரையும் ஐநோட்டின் எண்ணையும் இணைப்பது கோப்புறை. முறைமை முழுவதன் அளவையும் அமைப்பையும் சுப்பர்புளொக் என்னும் தலைமைக் குறிப்புக் கூறும்.

இவ்வமைப்பு எளிமையும் அழகும் வாய்ந்தது. ஆனால் ஓர் ஆபத்தும் அதனுள் உறைந்தது. ஒரு கோப்பினைப் புதிதாக ஆக்குதற்கு ஐநோட், கோப்புறை, வெற்றிடக் கணக்கு ஆகிய பலவற்றை மாற்றுதல் வேண்டும். இவற்றுட் சிலவற்றை மாற்றி முடிப்பதற்குள் மின் தடைப்படின் கணக்குகள் ஒன்றோடொன்று முரண்படும். தொடக்கத்தில் இம்முரண்களை அறிதற்குத் தனித்தனிச் சிறு செய்நிரல்களே இருந்தன. திருத்தும் வேலை பெரும்பாலும் இயக்குநரின் அறிவையும் பொறுமையையும் சார்ந்ததாயிற்று. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தைச் சார்ந்த ரெட் கோவால்ஸ்கி என்பார் எவ்.எஸ்.சி.கே. என்னும் செய்நிரலை ஆக்கி, இச்சோதனைகளையும் திருத்தங்களையும் ஒருங்கிணைத்தார். கோப்பு முறைமையிற் பல செய்திகள் இரட்டிப்பாக உள்ளமையால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம் என்பதே அதன் அடிப்படை.

இந்நெறியைக் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக் கழகத்தார் மேலும் வளர்த்தனர். 1983ஆம் ஆண்டின் 4.2 பி.எஸ்.டி. முறைமையில், மக்கூசிக், ஜோய் முதலியோர் தட்டினைப் பல தொகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் சுப்பர்புளொக்கின் ஒரு பிரதியை வைத்தனர். அப்பிரதிகளை எல்லாத் தொகுதிகளிலும் ஒரே நிலையில் வையாது, சற்றே விலக்கி விலக்கி வைத்தமை அவர்தம் முன்னறிவைக் காட்டுகின்றது. ஒரு தட்டின் முகம் முழுவதும் கெட்டாலும் எல்லாப் பிரதிகளும் ஒருங்கே அழியா.

லினக்ஸின் தோற்றமும் ஒரு விபத்தும்

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவராய் இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், லினக்ஸினை ஆக்கத் தொடங்கியபோது, பேராசிரியர் அன்ட்று தனன்பாமின் மினிக்ஸ் முறைமையையே தமது கணினியிற் பயன்படுத்தி வந்தார். தொலைபேசி வழியே பல்கலைக் கழகக் கணினியை அழைக்க முற்பட்ட ஒரு வேளையில், மோடத்திற்குச் செல்லவேண்டிய கட்டளைகளை அவர் தவறுதலாக வன்தட்டிற்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் சிதைந்தது. அதனை மீள நிறுவுவதா, தாம் ஆக்கிவரும் முறைமையையே முழுமையாகச் சார்ந்திருப்பதா என்ற நிலை வந்தபோது, அவர் இரண்டாவதையே தெரிந்தார். இச்செய்தியை அவரே தமது வரலாற்று நூலிற் கூறியுள்ளார். பாகமொன்றின் அழிவு ஒரு முறைமையின் வளர்ச்சியை விரைவுபடுத்திய அரிய நிகழ்ச்சி இஃதெனலாம்.

லினக்ஸ் முதலில் மினிக்ஸின் கோப்பு முறைமையையே கைக்கொண்டது. அதன் எல்லை 64 மெகாபைற்று. கோப்பின் பெயர் 14 எழுத்துக்களைத் தாண்டலாகாது. இக்குறுக்கத்தை நீக்க 1992இல் றெமி கார்ட் என்பார் எக்ஸ்ட் முறைமையை ஆக்கினார். 1993ஆம் ஆண்டு தொடக்கத்தில் எக்ஸ்ட்2, சியா என்னும் இரு முறைமைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளிவந்தன. தொடக்கத்தில் மினிக்ஸினைத் தழுவிய சியாவே உறுதி மிக்கதாய் இருந்தது. ஆயினும் எக்ஸ்ட்2 தன் பிழைகளைத் திருத்தி வளர்ந்து, லினக்ஸின் பொது முறைமையாக நிலைபெற்றது. றெமி கார்ட், தியடோர் சோ, ஸ்டீபன் ட்வீடி ஆகிய மூவரும் அதனை வடிவமைத்தோராவர்.

எக்ஸ்ட்2 பேர்க்கிலியாரின் தொகுதி முறையைத் தழுவியது. தலைமைச் சுப்பர்புளொக் பாகத்தின் தொடக்கத்திலிருந்து 1,024ஆம் பைற்றில் உள்ளது. புளொக் ஒன்று 4,096 பைற்றாயின் முதற் பிரதி 32,768ஆம் புளொக்கிலும், 1,024 பைற்றாயின் 8,193ஆம் புளொக்கிலும் இருக்கும். தலைமைக் குறிப்பு அழிந்தபோது இவ்வெண்களை அறிந்த ஒருவர் பிரதியைச் சுட்டிக்காட்டின், ஈ2எவ்.எஸ்.சி.கே. என்னும் செய்நிரல் அதனைக் கொண்டே முறைமையை மீள எழுப்பும். அச்செய்நிரல் ஐந்து கட்டங்களிற் சோதிக்கின்றது: ஐநோட்டுகள், கோப்புறைகள், கோப்புறைகளின் தொடர்பு, பெயர்களின் எண்ணிக்கை, வெற்றிடக் கணக்கு என்பன முறையே ஆராயப்படும். பெயரிழந்து நிற்கும் கோப்புக்களை அது எறிந்துவிடுவதில்லை. காணாமற் போய்க் கண்டெடுக்கப்பட்டவை எனப் பொருள்படும் தனிக் கோப்புறையில், ஐநோட்டின் எண்ணையே பெயராக இட்டு வைக்கும்.

நாளேட்டின் வருகை

எக்ஸ்ட்2இன் விரைவே அதன் பலவீனமும் ஆயிற்று. பேர்க்கிலி முறைமை முக்கியக் குறிப்புக்களை உடனுக்குடன் தட்டில் எழுதியது. எக்ஸ்ட்2 அவற்றை நினைவகத்தில் வைத்துப் பின்னர் எழுதியது. இதனால் வேகம் கிடைத்தது. விபத்தின்போது முரண்பாடும் மிகுந்தது. தட்டுகள் பெருத்தபின் முழுச் சோதனைக்கு மணிக்கணக்கான நேரம் வேண்டப்பட்டது. ஒரு நிறுவனத்தின் கணினி மின் தடைக்குப்பின் அத்துணை நேரம் வாளாவிருத்தல் யாருக்கும் இயைவதன்று.

இதற்குரிய தீர்வு கணக்கியலார் வழக்கத்தை ஒத்தது. கணக்காளர் கொடுக்கல் வாங்கலை முதலில் நாளேட்டிற் பதிந்து, அதன்பின்னரே பேரேட்டிற்கு மாற்றுவர். பேரேட்டில் எழுதும்போது இடையூறு நேரினும், நாளேட்டைப் பார்த்து மீள எழுதலாம். தரவுத்தளங்களில் வழங்கிய இம்முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1990இல் தன் ஏ.ஐ.எக்ஸ். முறைமையின் கோப்பு முறைமையிற் சேர்த்தது. லினக்ஸிற்கு அதனைக் கொணரும் வழியை 1998இல் ஸ்டீபன் ட்வீடி எழுதி வெளியிட்டார். 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றைசர் முறைமையும், அவ்வாண்டு நவம்பரில் எக்ஸ்ட்3 முறைமையும் பொதுக் கேர்ணலிற் சேர்ந்தன. எக்ஸ்ட்3 என்பது எக்ஸ்ட்2உடன் ஒரு நாளேடு சேர்ந்ததே. பழைய பாகத்தை அழியாமல், ஒரே கட்டளையால் நாளேட்டைச் சேர்க்கலாம் என்பதே அதன் வெற்றிக்குப் பெருங் காரணமாயிற்று.

ஆயினும் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டியதாயிற்று. எக்ஸ்ட்2இற் கோப்பொன்றை அழித்தபின்னும் அதன் ஐநோட்டிற் புளொக் எண்கள் எஞ்சியிருந்தன. ஆதலின் மீட்டல் எளிது. எக்ஸ்ட்3, விபத்தின்பின் குழப்பம் நேராதிருக்க அவ்வெண்களைச் சுழியாக்கிவிடும். மின் தடையிலிருந்து முறைமையைக் காத்த அதே மாற்றம், கைப்பிழையால் அழித்தவனைக் கைவிட்டது.

2008 டிசெம்பரில் வெளியான கேர்ணலில் எக்ஸ்ட்4 நிலைபெற்றபோதும் இத்தகைய விவாதம் ஒன்று எழுந்தது. அது புளொக்குகளை ஒதுக்குவதைப் பிற்படுத்தி விரைவு பெற்றது. 2009இன் தொடக்கத்தில், கணினி திடீரென நின்றபின் கோப்புக்கள் வெறுமையாயின எனப் பயனர் முறையிட்டனர். தரவு தட்டைச் சேர்ந்ததை உறுதிசெய்யும் கடமை செய்நிரலை எழுதுவோருடையது எனத் தியடோர் சோ விளக்கினார். ஆயினும் நடைமுறையை உணர்ந்து முறைமையிலும் மாற்றஞ் செய்தார். விதியைச் சுட்டிக்காட்டியதோடு அமையாது, விதியறியாதானையுங் காத்தமை போற்றற்குரியது.

எல்லையை நகர்த்துதல்

பாகத்தின் அளவை மாற்றுதல் மீட்பிற்கு உடன்பிறந்த கலை. எல்லைக் கல்லை நகர்த்துதல் எளிது; வேலிக்கு அப்பால் நிற்கும் வீட்டை இப்பால் கொணர்தலே அரிது. பாகத்தைச் சுருக்கும்போது, புதிய எல்லைக்கு வெளியே கிடக்கும் ஒவ்வொரு புளொக்கையும் உள்ளே பெயர்த்து, அதனைச் சுட்டும் ஐநோட்டைத் திருத்தல் வேண்டும். ஐநோட்டே பெயருமாயின், அதன் எண்ணைத் தாங்கும் கோப்புறைகளையும் திருத்தல் வேண்டும். விரிக்கும்போதும் இடர் உண்டு: தொகுதிகள் பெருகும்போது அவற்றின் விவர அட்டவணையும் நீளும், அதற்கு இடமின்றேல் அடுத்துள்ளவற்றை நகர்த்த நேரும்.

எக்ஸ்ட்2இற்கு இவ்வேலையைச் செய்யும் றீசைஸ்2எவ்.எஸ். என்னும் செய்நிரலைத் தியடோர் சோ 1990களின் பிற்பகுதியில் எழுதினார். பார்ட்டிசன் மஜிக் என்னும் வணிக மென்பொருளை விற்ற பவர்குவெஸ்ட் நிறுவனம் அம்முயற்சியிற் பங்குகொண்டது. பின்னர் குனூ பார்ட்டட் முதலிய கட்டற்ற கருவிகள் தோன்றி, இக்கலையைப் பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தன. வருங்கால வளர்ச்சிக்கென அட்டவணைக்கு முன்னரே இடம் ஒதுக்கும் வழக்கமும் வந்தபின், பாகம் பயன்பாட்டில் இருக்கும்போதே அதனை விரித்தல் கைகூடிற்று. சுருக்குதற்கோ எக்ஸ்ட்4ஐ இன்றும் பயன்பாட்டிலிருந்து விலக்கவே வேண்டும்.

இவ்விடத்து ஒரு முறையை மறத்தலாகாது. சுருக்கும்போது முதலிற் கோப்பு முறைமையையும் பின்னர் பாகத்தையும் சுருக்கல் வேண்டும்; விரிக்கும்போது முதலிற் பாகத்தையும் பின்னர் கோப்பு முறைமையையும் விரித்தல் வேண்டும். எந்நிலையிலும் வேலி வீட்டினும் சிறிதாய் இருத்தலாகாது என்பதே இதன் கருத்து. இம்முறை பிறழ்ந்தமையால் நேர்ந்த இழப்புக்கள் பலவாம்.

மீட்புக் கருவிகள்

பாக அட்டவணை அழிந்தபோது உதவுவது, கிறிஸ்தோப் கிறனியே என்பார் ஆக்கிய டெஸ்ட்டிஸ்க். அது தட்டினைத் தொடக்கமுதல் நாடிச் சென்று, கோப்பு முறைமைகளின் அடையாளங்களைக் கண்டு, எல்லைகளை ஊகித்து அட்டவணையை மீள எழுதும். கோப்பு முறைமையே அழிந்தவிடத்து, அவரது போட்டோறெக், படம், ஆவணம் முதலியவற்றின் தொடக்க முத்திரைகளைத் தேடிக் கோப்புக்களை எடுக்கும்; பெயர்களை மட்டும் மீட்க இயலாது. தட்டே பழுதுற்றவிடத்து, அன்ரோனியோ டியாஸ் டியாஸ் 2004இல் வெளியிட்ட குனூ டி.டி.றெஸ்கியூ முதலில் நல்ல பகுதிகளைப் பிரதிசெய்து, பழுதுற்றவற்றை இறுதியில் மீண்டும் மீண்டும் முயலும். நோயாளி தளர்வதற்குள் எடுக்கத்தக்கதை எடுத்துக்கொள்ளும் விவேகம் இது. முதலிற் பிரதி எடு, அதன்பின் அப்பிரதியிலேயே திருத்தஞ் செய் என்னும் நெறி இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். மீட்பு என்பது அழிவின் பின் நிகழும் அற்புதமன்று. அழிவிற்குப் பல்லாண்டு முன்னரே, வடிவமைத்தோர் தம் படைப்பு ஒருநாள் சிதையும் என ஒப்புக்கொண்டதன் பயனே அது. 32,768ஆம் புளொக்கில் யாரும் நோக்காது கிடக்கும் பிரதி, அத்தகைய பணிவின் சின்னமாகும். எனினும் புதிய திண்மநிலைத் தட்டுகளில், அழித்த புளொக்குகளைத் தட்டே துடைத்துவிடும் வழக்கம் வந்துவிட்டமையால், கைப்பிழையாற் போனதை மீட்கும் வாயில் நாளுக்குநாள் குறுகி வருகின்றது. முன்னோர் தட்டினுள்ளே வைத்த காப்பை இனி நாம் தட்டிற்கு வெளியே வைத்தல் வேண்டும். ஆவணங்களைப் பேணும் கல்விக்கூடங்களும் தனியாட்களும், அரியதெனக் கருதும் எதனையும் இரண்டாவதோர் இடத்தில் வைப்பதும், அப்பிரதி திறந்து படிக்கக்கூடியதா என இடையிடையே பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதனவாம்.