பிரமிடுக்குத் தண்ணி ஊத்தினவன்

ரொம்ப நாளைக்கு முன்னாடி ஆபீஸ் கேன்டீன்ல நண்பன் ஒருத்தனோட ஒரு படத்தை வெச்சு சண்டை போட்டேன். எகிப்துல தேர் எல்-பெர்ஷாங்கிற ஊர்ல, ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியோட கல்லறைச் சுவர்ல இருக்கிற படம். பெரிய சிலை ஒண்ணைச் சக்கரமில்லாத சறுக்கு வண்டியில ஏத்தி 172 பேர் கயிறு கட்டி இழுக்கறாங்க. வண்டியோட முன்பக்கம் ஒருத்தன் நின்னுக்கிட்டு மணல்ல தண்ணி ஊத்தறான். "அது சடங்குடா, சாமி சமாச்சாரம்"னு நான். "வழுக்கறதுக்குடா"ன்னு அவன். அறிஞர்கள் பலரும் என் கட்சிதான்னு நான் ரொம்பத் தெனாவெட்டா இருந்தேன்.

2014-ல ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆட்கள் மணலைக் கொட்டி, குட்டி சறுக்கு வண்டியை இழுத்தே பார்த்துட்டாங்க. காய்ஞ்ச மணல் வண்டிக்கு முன்னால குவிஞ்சு மறிக்குது. அளவா நனைச்சா மணல் இறுகி, இழுக்கிற விசை பாதியாக் குறையுது. ஆனா தண்ணி அதிகமானா மறுபடி கஷ்டம்! கடற்கரையில அலை தொட்ட இடத்துல நடந்தவங்களுக்கு இது புரியும். ஆக, அந்த ஆள் சும்மா ஊத்தலை, பதம் பார்த்து ஊத்தியிருக்கான். நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஒப்புக்கிட்டேன் :-)

அந்தப் படம் கி.மு. 1900-ஐ ஒட்டியது. கீஸாவின் பெரிய பிரமிடு அதுக்கு ஆறு நூறு வருஷத்துக்கும் மேல மூத்தது. அங்கேயும் இதே வித்தைதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கீஸாவுல தண்ணி என்ன வேலை செஞ்சதுங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி இருக்கு.

2013-ல செங்கடல் கரையில வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்துல பியர் டாலே குழுவினர் பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தாங்க. மெரெர் என்கிற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பு. குஃபு மன்னன் ஆட்சியின் கடைசி வருஷங்கள். கதையோ புகழ்ச்சியோ கிடையாது. இன்னிக்குத் துராவில் கல் ஏத்தினோம், இன்னிக்குப் படகு விட்டோம், ராத்திரி குஃபுவின் ஏரியில் தங்கினோம், மறுநாள் பிரமிடுக்குப் போனோம்... இப்படியே போகுது. 40 பேர் கொண்ட கோஷ்டி, 10 நாளைக்கு ரெண்டு மூணு நடை. நம்ம லாரி டிரைவரோட ட்ரிப் ஷீட் மாதிரி! பிரமிடுக்கு மேல்பூச்சு மாதிரி போர்த்தின வெள்ளைச் சுண்ணாம்புக்கல் எல்லாம் துராவிலேர்ந்து வந்ததுதான்.

'குஃபுவின் ஏரி'ன்னு சொன்னேனே, அதுதான் விஷயமே. இன்னிக்கு நைல் கீஸாவுக்கு 7 கி.மீ.க்கு மேல தள்ளி ஓடுது. 2022-ல வெளியான ஆய்வுல, கீஸா பக்கம் மண்ணைத் துளைச்சு எடுத்து அதிலிருந்த மகரந்தத்தை ஆராய்ஞ்சாங்க. கோரையும் சதுப்புநிலச் செடிகளும்! நைலோட கிளை ஒண்ணு பிரமிடு மேட்டுக்குப் பக்கத்துலேயே இருந்திருக்கு. அதிலேர்ந்து வாய்க்கால் வெட்டி, துறை கட்டி, வெள்ளம் ஏறும் மாசங்கள்ல கல்லை வாசல் வரைக்கும் மிதக்க விட்டிருக்காங்க. யானை மாதிரி கல்லை யாரும் பாலைவனத்துல மைல் கணக்கா இழுக்கலை.

ஆனா மேட்டுக்கு மேல தண்ணி தானா ஏறாதே? குடிக்க, சாந்து குழைக்க, பீர் காய்ச்ச, எல்லாத்துக்கும் வேணும். நம்ம ஏற்றம் மாதிரி ஒண்ணு எகிப்தியச் சுவர்ப் படங்கள்ல தலைகாட்டறதே ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் குடமும் தோளும்தான். கல் இழுத்தவனைப் பத்தி எவ்வளவோ எழுதறோம், இந்தத் தண்ணிக்காரனை ஒருத்தரும் கண்டுக்கறதில்லை. (நானும்தான், சடங்குன்னு சொல்லி முடிச்சவன்.)

இவ்வளவு தெரிஞ்சவங்களும் தண்ணிகிட்ட ஒரு தடவை நல்லா அடி வாங்கியிருக்காங்க. கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வான் பக்கம், காட்டாற்று வெள்ளத்தைத் தடுக்க சுமார் கி.மு. 2600-ல ஒரு அணை கட்டினாங்க. சத் எல்-கஃபாரான்னு இப்போ பேரு. உயரம் 14 மீட்டர், நீளம் 110 மீட்டருக்கு மேல. ரெண்டு பக்கமும் கல் சுவர், நடுவுல சரளையும் கப்பியும். உபரி நீர் போக கலிங்கல் மட்டும் இல்லை. வேலை முடியறதுக்கு முன்னாடியே வெள்ளம் வந்து நடுப்பகுதியை அடிச்சிட்டுப் போயிடுச்சு. முடியலைன்னு எப்படித் தெரியும்னா, அணைக்குப் பின்னால தேங்கின வண்டலே இல்லை. ரெண்டு கரையிலும் மிச்சச் சுவர் இன்னும் நிக்குது.