கட்டையில் குத்திய எழுத்துகள்

இன்னைக்கு ஒரு துப்பாக்கியோட மரக்கட்டையை வாசிக்கப் போறோம்.

எம்1 கரண்ட். அமெரிக்க ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்ட ரைஃபிள். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆலையில் செய்த கட்டையோட இடது பக்கம் பார்த்தா, ஒரு கட்டத்துக்குள்ள மேலே எஸ்.ஏ. என்ற ஆலைப் பெயர், கீழே யாரோ ஒருவரோட முதலெழுத்துகள். பக்கத்துலயே குறுக்காக வைத்த இரண்டு பீரங்கிகள். 'சோதிச்சாச்சு, ராணுவம் ஏற்றுக்கொண்டது' என்பதற்கான முத்திரை இது. பிடியில் வட்டத்துக்குள்ள 'பி' இருந்தா, சுட்டுப் பார்த்துத் தேறியது என்று அர்த்தம்.

அந்த முதலெழுத்துகள்தான் நமக்குக் காலண்டர். எஸ்.பி.ஜி. என்றால் ஸ்டான்லி கிப்ஸ், தொடக்க கால ஆய்வாளர். அடுத்து ஆலைத் தலைவர்களோட எழுத்துகள் வந்தன. ஜி.எச்.எஸ். என்றால் கில்பர்ட் ஸ்டூவர்ட், 1942 வரை. பிறகு ஏர்ல் மெக்ஃபார்லண்ட், 1943 வரை. ஜார்ஜ் உடி, 1944 வரை. அடுத்து நார்மன் ராம்சே, 1945 வரை. நம்ம ஆபீஸ்ல கோடு எழுதுறது ஒருத்தர், ரிலீஸ் நோட்ல பேர் மேனேஜருக்கு. அதே கதைதான்! தலைவர் ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்க்கல. அவர் பொறுப்பில் நடந்தது, அவ்வளவுதான்.

இங்கதான் பலர் தடுக்கி விழறாங்க. முத்திரை சொல்வது கட்டையோட வயசு. துப்பாக்கியோட வயசு இல்லை. இரும்புப் பாகத்தில் 1942-ஐச் சேர்ந்த வரிசை எண், கட்டையில் ராம்சேயோட எழுத்து என்றால், கட்டை பிறகு மாற்றப்பட்டிருக்கு. போருக்குப் பின் ராணுவப் பணிமனைகள் பிரித்து, பழுது பார்த்து, கிடைத்த கட்டையை மாட்டின. பணிமனையும் தன் முத்திரையைக் குத்தும், ஆர்.ஏ.-பி. என்றால் ராரிடன்.

'கலப்பில்லாத' துப்பாக்கிக்கு விலை அதிகம். அதனால போலி முத்திரைகளும் உண்டு. பார்க்க வேண்டியது வரிசையை: பழைய கீறல் எழுத்தின் மேல ஓடினா, எழுத்து முந்தியது. கீறலை எழுத்து வெட்டிப் போனா, சந்தேகப்படுங்க. கட்டை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்க, எழுத்து மட்டும் ஆழமா, கூர்மையா நின்னாலும் அப்படித்தான்.

எனக்கு வருத்தம் போலிகளால மட்டும் இல்லை. பணிமனை மாற்றிய கட்டையைக் கழற்றிட்டு, வருஷம் பொருந்துற வேற கட்டையைத் தேடி மாட்டிடுறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அந்தத் துப்பாக்கி பணிமனைக்குப் போய் வந்ததற்கு இருந்த சாட்சியை நாமே அழிச்சிடறோம். உங்க கையில் அப்படி ஒன்று வந்தா, முதல்ல படம் எடுங்க. கழற்றுறதைப் பிறகு யோசிக்கலாம்.